மெத்தைத் தெருவின் பதினான்காம் பகுதி

மேடையில் அமர்ந்திருக்கும் கூட்டத் தலைவர் அவர்களே, அக்காவோடு அவையில் பணியாற்றிய முன்னாள் உறுப்பினர்களே, அக்காவோடு அவையில் சண்டை போட்ட முன்னாள் உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே, பேரப்பிள்ளைகளே, அவருடைய ஐந்து நாவல்களையும் வெளியிட்ட பதிப்பாளர் அவர்களே, மெத்தைத் தெருவில் வாழ்ந்து, இன்று இங்கே வந்திருக்கும் குடும்பத்தாரே, மூன்றாம் வரிசை ஓரத்தில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஐயா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரமாக நிற்கும் வாசகர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் பிறர் பேசியதை எழுதியவன் நான். சட்டமன்ற அவையின் நடுவே ஒரு மேசை கிடக்கும். அதில் ஒருவர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். அந்தச் சுருக்கெழுத்தாளர்களில் நானும் ஒருவன். பேசுகிறவரின் வாயைப் பார்த்துப் பழகிய எனக்கு, இத்தனை கண்கள் என் வாயைப் பார்ப்பது கூச்சமாக இருக்கிறது. ஆகவே தாளைப் பார்த்துப் படிப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசப்போவதை எண்ணிட்டு நான்கு நாள் முன்பே அமைப்பாளர்களிடம் கொடுத்தேன். அதை அவர்கள் அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சிட்டுவிட்டார்கள். உங்கள் கையில் இருப்பது இதுதான்:

1. அவையில் அக்கா.
2. அக்கா நாவலாசிரியர் ஆன விதம்.
3. தொழில் தெரிந்தவர் சொல்லைக் கேட்கும் அவருடைய பழக்கம்.
4. அவர் அஞ்சிய ஒரு நாள். (அவருடைய மகளின் சம்மதத்தோடு.)
5. இனி நாம் செய்ய வேண்டியது.

இரங்கல் கூட்டத்தில் நான்காவது போன்ற ஒரு தலைப்பு எதற்கு என்று உங்களில் சிலர் புருவத்தை உயர்த்தியிருப்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அக்காவின் நாவல்கள் ஐந்தையும் ஒரே தொகுப்பாக மறுபதிப்புச் செய்கிறார் பதிப்பாளர். வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. வெளிவராத எழுத்து ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று கேட்க, அவரும் அக்காவின் மகளும் நான்கு நாள் முன்பு என் வீட்டுக்கு வந்தார்கள். 'மெத்தைத் தெரு' நாவலில் ஒரு பகுதி அச்சாகவில்லை, பதினான்காம் பகுதி, என்னுடைய குறிப்பேட்டில் மட்டும் இருக்கிறது என்றேன். அதில் என்ன இருக்கிறது என்றும் சொன்னேன். அந்த நாவலைப் படித்தவர்கள் பொறியாளர் ஐயாவைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் தவறு என்பதற்கு அந்த ஒரு பகுதிதான் சான்று.

 மகள், "அம்மா பயந்துட்டாங்களா மாமா?" என்று கேட்டார். "ஆமாம்மா, அந்த ஒரு நாள் பயந்துட்டாங்க" என்றேன்.

"அப்ப அதையும் கூட்டத்துல சொல்லுங்க. எங்க அம்மாவுக்கும் பயம் இருந்துச்சுன்னு தெரிஞ்சா எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. ஆனா சேக்கறதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அவங்க சொல்லச் சொல்லக் கேட்டது நீங்கதானே."

பதிப்பாளர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பொறியாளர் ஐயாவுக்கு எண்பத்தெட்டு ஆச்சு சார். போடறதுன்னா அவர் படிக்கற காலத்துல போடணும்" என்றார்.

ஆக, ஐயாவின் நல்ல பெயர் இப்போது என் கையில் இருக்கும் ஒரு குறிப்பேட்டில் இருக்கிறது. நான்காவது எண்ணைக் கடைசியில் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். மற்றவற்றை வரிசைப்படியே சொல்கிறேன்.

முதலாவது, அவையில் அக்கா. முதன்முதலாக அவர் உறுப்பினராக வந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது, எனக்கு முப்பத்தொன்று. அன்று அவர் கேட்டது குடிநீரைப் பற்றிய கேள்வி. பதில் வந்தது. உடனே ஒரு துணைக்கேள்வி கேட்டார். அதற்கும் பதில் வந்தது. இன்னொரு துணைக்கேள்வி கேட்டார். இதற்குப் பதில் வரவில்லை. எதிர்வரிசையிலிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"உக்காரும்மா, வீட்டு அடுப்புல பால் பொங்கிடப் போகுது."

அவை சிரித்தது. அக்காவும் சிரித்தார். "எங்க தெருவுல பால்ல கலக்கக்கூடத் தண்ணி இல்லீங்க. எப்ப வரும்? அத மட்டும் சொல்லுங்க" என்றார். இந்த முறை அவை இன்னும் பலமாகச் சிரித்தது. அன்று மாலையே அவை ஊழியர்கள் அவருக்குத் 'துணைக்கேள்வி அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமைச்சரான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவரைவிட வயதில் மூத்த காவலர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

உறுப்பினர்கள் தங்கள் பேச்சின் தட்டச்சுப் படியைச் சரிபார்க்க எங்கள் அறைக்கு வருவதுண்டு. நாக்குப் புரண்ட இடங்களைத் திருத்தலாம், பொருளை மாற்றக் கூடாது என்பது விதி. பெரும்பாலும் எதற்கு வருவார்கள்? கோபத்தில் சொன்ன சொல்லைக் கொஞ்சம் மழுப்ப வருவார்கள். கைதட்டல் விழுந்தது என்று போட்டிருக்கிறோமா என்று பார்க்க வருவார்கள். அன்று மாலை அக்கா வந்து தாளை இரண்டு முறை புரட்டினார்.

"அந்தப் பால் பேச்சு எங்க தம்பி?"

அவருக்கு மதிப்புக் குறைவாயிற்றே என்று நானாக விட்டுவிட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

"அவர் சொன்னது இல்லேன்னா, நான் சொன்னது தனக்குத்தானே பேசற பொம்பள பேச்சு மாதிரி இல்ல இருக்கு? போடுங்க" என்றார்.

போட்டேன். அன்றிலிருந்து அறையில் யார் எது பேசினாலும் விடாமல் எழுதுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அன்று கூப்பிட்ட 'தம்பி'யும் நிலைத்துவிட்டது. எனக்கு எழுபத்தொன்பது வயதாகிறது. இனி என்னைத் தம்பி என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?

இருபது ஆண்டுகள் அவர் அவையில் இருந்தார். அதில் நான்கு ஆண்டுகள் குடிநீர் அமைச்சர். நகரின் மேட்டுப் பகுதிகளில் இன்று காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே, அது அவர் கட்டிய நீரேற்று நிலையத்திலிருந்து வருகிறது. அதைக் கட்ட ஒரு தெருவையே காலி செய்ய வேண்டியிருந்தது. முப்பத்தெட்டு வீடுகள். எல்லாம் மெத்தை தைப்பவர்களின் வீடுகள். ஊருக்கு வெளியே மாற்று வீடுகள் தயார் என்று அவையில் அறிவித்தார் அக்கா. நாங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறி எழுதுவோம், அந்த ஐந்து நிமிடம் என்னுடைய முறை; அந்தச் சொற்களை எழுதியது என் பென்சில். மக்கள் போனார்கள். அங்கே சுவர் இருந்தது, கூரை இல்லை. பத்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மெத்தை தைப்பவருக்குப் பஞ்சுதானே முதல்? மூட்டை மூட்டையாக நனைந்தது. காய வைக்க இடம் இல்லை, புழுத்துப் போயிற்று. கூரை போட நான்கு மாதம் ஆனது. அதற்குள் பதினேழு குடும்பங்கள் பிழைப்பைத் தேடி எங்கெங்கோ போய்விட்டன. திரும்பி வரவே இல்லை. இங்கே வந்திருப்பது எஞ்சிய இருபத்தொரு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

இரண்டாவது, அவர் நாவலாசிரியர் ஆன விதம். தேர்தலில் தோற்ற மறுநாள் அரசு வண்டி போயிற்று. அக்கா பேருந்தில் ஏறினார். நடத்துநர் எழுந்து தன் இருக்கையைக் கொடுத்தாராம். "நாலு வருஷம் நான் ஏறாத பஸ்ஸுல எனக்கு மட்டும் எதுக்கு சீட்டு, உக்காருப்பா" என்று நின்றபடியே வந்தாராம். ஒன்பது ஆண்டுகள் வீட்டில் இருந்தார். நான் ஓய்வு பெற்ற மாதம் ஒரு கோடு போட்ட நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார். நாவல் எழுதியிருப்பதாகச் சொன்னார். முதல் பக்கத்தை உரக்கப் படித்தேன். "மேற்படி கதாநாயகி மேற்சொன்ன காரணங்களை முன்னிட்டுக் கண்ணீர் சிந்தினார்" என்று இருந்தது. நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தேன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். அக்கா அவளைவிட அதிகமாகச் சிரித்தார். "இருபது வருஷம் கோப்பு பாத்த கை தம்பி. பேனாவ எடுத்தா கையெழுத்துப் போடத்தான் வருது. வாயால சொன்னா எழுதிப்பியா?" என்று கேட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே எட்டு அடி இருக்கும். ஒரு நாற்காலியின் முதுகை ஒலிபெருக்கி மாதிரிப் பிடித்துக்கொள்வார், பேசுவார், ஜன்னல் வரை நடப்பார், திரும்புவார். நான் எழுதுவேன். நாவல் மட்டுமா எழுதினேன்? மருந்துக் கடையிலிருந்து மதியம் வீட்டுக்கு வரும் மகள் "அம்மா, காலை மாத்திரை இன்னும் இங்கயே கெடக்கு" என்று அதட்டியதும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. அக்கா "நீக்கிடு" என்று சொல்லும் பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் போடுவேன்; தட்டச்சில் அதை விட்டுவிடுவேன். ஆனால் குறிப்பேட்டில் அழிக்க மாட்டேன். அழிப்பது எங்கள் தொழிலில் இல்லை. பதினெட்டு ஆண்டுகள், ஐந்து நாவல்கள், அறுபத்திரண்டு குறிப்பேடுகள்.

அமைச்சராக இருந்தவர்கள் புத்தகம் எழுதினால் எப்படி எழுதுவார்கள்? தான் திறந்து வைத்த பாலங்களைப் பற்றி எழுதுவார்கள். அக்கா யாரைப் பற்றி எழுதினார்? முதல் நாவலில், குழாயடியில் தன் குடத்தின் முறைக்காகக் காத்திருந்து வேலைக்குத் தாமதமாகி வேலையை இழந்தவளைப் பற்றி எழுதினார். மூன்றாவதில், அவையில் எல்லா வாக்கெடுப்பிலும் தோற்கிற ஓர் உறுப்பினரைப் பற்றி எழுதினார். ஒருமுறைகூட ஜெயிக்காத அந்த ஆளை வாசகர்கள் எவ்வளவு நேசித்தார்கள்! இரண்டாவதுதான் 'மெத்தைத் தெரு'. பஞ்சு நனையும் இடத்தைப் படித்துவிட்டு என் மனைவி அன்று இரவு மெத்தையை விட்டுவிட்டுப் பாயில் படுத்தாள்.

அச்சான நாவலைப் படித்தால், அமைச்சர் வீடுகள் தயாராக இல்லை என்று அறியாதவராகத் தெரிவார். வேலையின் தொடக்கத்தில் வரைபடத்தை விரித்துவைத்து "மழைக்கு முன்ன எல்லாம் முடிஞ்சுடும்மா" என்று சொல்லும் பொறியாளர், அதன்பின் கதையில் வாயே திறக்காததால், பொய் சொன்னவராகத் தெரிவார். படிக்காதவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது, தொழில் தெரிந்தவர் சொல்லைக் கேட்பது. அக்காவைப் பிடிவாதக்காரர் என்று சொன்னவர்கள் உண்டு. அவை நாட்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். நான் பழகிய அக்கா வேறு. தச்சர் இந்தக் கதவு இப்படித்தான் திறக்கும் என்றால், வீட்டையே அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார். முடிதிருத்துபவர் சொன்னால் சரி. மருத்துவர் சொன்னால் சரி. மாத்திரை விஷயத்தில் மட்டும் மகள் சொன்னால்தான் சரி.

'மெத்தைத் தெரு'வின் முதல் பகுதியைச் சொல்லி முடித்ததும், அந்தத் தெருவில் தையல் வேலை செய்த ஒரு பெண்மணியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவரச் சொன்னார். அந்த அம்மா இங்கே வந்திருக்கிறார். நான் படித்துக் காட்டினேன். கதாநாயகி மெத்தையின் மேல் உட்கார்ந்து நிலவைப் பார்த்தபடி தைப்பதாக எழுதியிருந்தோம். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நெலவப் பாத்துக்கிட்டா தைக்கறா?"

"ஆமா" என்றார் அக்கா.

"ஊசி ஒரு முழம் இருக்கும். எங்க பாத்துக்கிட்டுத் தைச்சாளோ, அங்கதான் குத்தும். இந்தப் பொண்ணு பொழைக்க மாட்டா."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து அடங்கியதும், நாற்பது பக்கத்தையும் நீக்கச் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. நிலா நன்றாக வந்திருந்தது. அந்த அம்மாவிடம் பத்து நாள் உட்கார்ந்து, பஞ்சை எப்படித் தட்டுவது, மூலையை எப்படி மடிப்பது, கடைசி முடிச்சை எங்கே ஒளிப்பது என்று கேட்டுக்கேட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுபடி சொன்ன அந்த நாற்பது பக்கத்துக்காகத்தான் அந்த நாவலுக்குப் பரிசு கிடைத்தது என்று நினைக்கிறேன்.

எதற்காக இப்படித் தொழில் தெரிந்தவர் சொன்னதற்கெல்லாம் இணங்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு தடவ தொழில் தெரிஞ்சவன் சொன்னதக் கேக்காம இருந்தேன் தம்பி. இனிமே கேக்காம இருக்க மாட்டேன்" என்றார். எந்தத் தடவை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். துணைக்கேள்வி கேட்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது, எனக்கு இல்லை.

ஐந்தாவதை இப்போது சொல்லிவிடுகிறேன். இனி நாம் செய்ய வேண்டியது என்ன? அக்காவுக்கு ஒரு சிலை வேண்டும் என்று எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னார். அவருடைய அன்பை மதிக்கிறேன். அக்காவாக இருந்தால் சிலை எந்தத் தெருவின் வழியை மறிக்கும் என்று கேட்டிருப்பார். என்னால் முடிந்தது ஒன்றுதான். அறுபத்திரண்டு குறிப்பேடுகளையும் முழுவதும் எழுத்தாக்கித் தருகிறேன். கட்டம் போட்ட பகுதிகளும், மாத்திரைச் சண்டைகளும் அதில் இருக்கும். என் சுருக்கெழுத்தை வேறு எவராலும் படிக்க முடியாது என்பதால் நான் கொஞ்சம் விரைவாகவே செய்தாக வேண்டும். மருத்துவர் என்னைப் பார்த்து அப்படித்தான் தலையாட்டுகிறார். நீரேற்று நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் வாசகசாலையில் அவற்றை வைக்க மகள் ஒப்புக்கொண்டிருக்கிறார். மாதம் ஒரு மாலை அங்கே கூடி அவர் நாவலில் ஒரு பகுதியை உரக்கப் படிப்போம் என்று வாசகர்கள் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிச் சொல்லி எழுதப்பட்ட நாவல்களுக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

இப்போது நான்காவது.

ஒன்றை மேற்கோள் காட்டுவதற்கு முன் மூலத்தைப் பார்த்துவிடு என்பது எங்கள் அறையின் பாடம். ஆகவே இன்று காலை, அந்தப் பதினான்காம் பகுதி இருக்கும் குறிப்பேட்டை எடுத்தேன். பதினைந்து ஆண்டுகளாக அதைத் திறக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலில், அந்தப் பகுதியின் சுருக்கம். அவையில் அறிவிப்பதற்கு முந்தின நாள். அமைச்சரின் அறை. பொறியாளர் நின்றுகொண்டிருக்கிறார். "சுவர் நிக்குதும்மா, கூரை இல்ல. நாலு மாசம் ஆகும். மழை முடியற வரைக்கும் அவங்கள அங்கயே விடுங்க" என்கிறார். அமைச்சர், வேலை தொடங்கும் தேதி குறித்தாகிவிட்டது என்கிறார். "எழுத்துல கொடுக்கட்டுமா?" என்று கேட்கிறார் பொறியாளர். "வேண்டாம். நீங்க உங்க வேலையப் பாருங்க. அவையில நான் பதில் சொல்லிக்கறேன்" என்கிறார் அமைச்சர். இதுதான் நடந்தது. பொறியாளர் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னார். எழுத்தில் கொடுக்க வந்ததையும் தடுத்துவிட்டு, கூரை இல்லாத வீடுகளை அறிந்தே 'தயார்' என்றவர் அக்கா. அதை அவரே, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் எனக்குச் சொன்னார்.

அந்தப் பகுதி இல்லாமல் நாவல் வந்தது. கதையில் பெயர் இல்லை. ஆனால் ஊருக்குத் தெரியாதா யார் என்று? மின்கட்டணம் கட்டும் வரிசையில் ஒருமுறை பொறியாளர் ஐயா நின்றிருந்தார். அவருக்கு இரண்டு பேர் தள்ளி நான். கட்டணம் வாங்குபவர், "என்ன சார், கூரை போட்டாச்சா?" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "சாரக் கேட்டா நாளைக்கே ரெடின்னு சொல்லிடுவாரு" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. ஐயா ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். நான் பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். உண்மை தெரிந்தவன் அந்த வரிசையில் நான் ஒருவன்தான்.

பிறகு ஒருநாள் துணிந்து, நீங்கள் ஏன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவரிடமே கேட்டேன். "வாயால சொன்னதுக்கு ஏது சாட்சி?" என்றார். 

அக்கா அன்று அஞ்சிவிட்டார், அதனால் நீக்கச் சொன்னார் என்றே பதினைந்து ஆண்டுகளாக நினைத்திருந்தேன். அந்தக் குறையை மனதுக்குள் அவர் பெயரில் எழுதி வைத்திருந்தேன். நான் வெறும் எழுதுகோல், எனக்கென்ன என்று இருந்தேன். இன்று காலை குறிப்பேட்டில் படித்ததை அப்படியே படிக்கிறேன். அவையில் பேசுகிறவரைத் தவிர வேறொருவர் பேசினால் 'குறுக்கீடு' என்று போடுவோம். என் பேச்சையும் அப்படித்தான் குறித்திருக்கிறேன்.

அக்கா: "பதினாலு முடிஞ்சுது. படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டப்பட்டது.

அக்கா: "இருக்கட்டுமா?"

குறுக்கீடு: "வேண்டாம் அக்கா."

அக்கா: "ஏன்?"

குறுக்கீடு: "இது இல்லாமலே கதை நல்லா போகுது. இதப் போட்டா அவைக் குறிப்ப எடுத்துப் பாப்பாங்க. அன்னைக்கு யார் எழுதினதுன்னு பாப்பாங்க. உங்களக் கூப்பிட்டுக் கேப்பாங்க, என்னையும் கேப்பாங்க. இந்த வயசுல எதுக்கு அக்கா?"

அக்கா: "பொறியாளர்?"

குறுக்கீடு: "அவர் பேரையா போடறோம்? கதைதானே."

அக்கா: "அன்னைக்குத் தொழில் தெரிஞ்சவன் சொன்னதக் கேக்கல. இன்னைக்கு நீ சொல்ற. எழுத்து உன் தொழில். சரி, நீக்கிடு."

இவ்வளவுதான் இருக்கிறது. கடைசிச் சொல் மட்டும் என் நினைவில் நின்றது. அதற்கு முன் இருந்தவை எல்லாம் போய்விட்டன. எப்படிப் போயின? என் கையால் நான் எழுதியவை. எனக்கு வசதியில்லாததை மட்டும் மறந்திருக்கிறேன்.

மேலும் தேடினேன். ஐந்தாவது நாவலின் குறிப்பேட்டில், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளில், கதைக்கு நடுவே அக்கா கேட்டிருக்கிறார்: "அந்தப் பதினாலு வச்சிருக்கியா?" இருக்கிறது என்கிறது குறுக்கீடு. "பத்திரமாவா?" பத்திரமாக என்கிறது குறுக்கீடு. அதன் பின் ஒரு வெற்று வரி. பேச்சு நின்றால் நான் வரி விடுவேன். அந்த வெற்று வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாக்கியத்துக்காகப் பென்சிலோடு காத்திருந்தேன். அவரும் காத்திருந்திருக்கிறார். சேர்த்துவிடலாம் அக்கா என்று எழுத்துத் தொழில் தெரிந்தவன் சொல்வான் என்று. நான் சொல்லவில்லை. "சரி, எழுதிக்கோ" என்று கதைக்குத் திரும்பிவிட்டார்.

அக்காவிடம் குற்றமே இல்லை என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. முப்பத்தெட்டு வீட்டாரை அறிந்தே மழைக்கு அனுப்பியவர் அவர்தான். பதினைந்து ஆண்டுகள் ஒரு மனிதர் கேலிக்கு ஆளானதை அவர் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. ஒருவர் பேச்சைக் கேட்காமல் ஒரு தவறு செய்தார். அந்தத் தவறிலிருந்து, தெரிந்தவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். அப்படிக் கற்றுக்கொண்டவரிடம் தெரிந்தவனாக நான் வந்து சேர்ந்தேன். அவருடைய பாடத்தை அவருக்கு எதிராகவே பயன்படுத்திவிட்டேன்.

பதிப்பாளர் அவர்களே, பதினான்காம் பகுதியைச் சேர்த்துவிடுங்கள். அதன் கீழே, இப்போது படித்த உரையாடலையும், குறுக்கிட்டவர் யார் என்பதையும் அச்சிடுங்கள். இன்று காலையே தட்டச்சு செய்துவிட்டேன்; பதினொரு பக்கம். பொறியாளர் ஐயா, கொஞ்சம் பெரிய எழுத்தாகத்தான் போட்டிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் உங்களிடம் தருகிறேன். அச்சுக்குப் போகும் முன் முதலில் நீங்கள் படிக்க வேண்டும். நீங்கள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னாலும் மாற்றுவேன். எழுத்தில் கொடுக்கட்டுமா என்று நீங்கள் கேட்டு முப்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. தாமதத்துக்கு என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிட்டேன்.

உங்கள் கையிலிருக்கும் தாளில் நான்காவதாக அச்சாகியிருப்பது தவறு. பேனா வைத்திருப்பவர்கள் அதை அடித்துவிடுங்கள். முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளுக்கும் நான் ஒரு பதிலைத் திருத்த வேண்டும். அம்மா பயந்துவிட்டார்களா என்று என்னைக் கேட்டாய், ஆமாம் என்றேன். இல்லைம்மா. உங்கம்மா சொல்லி முடிச்சிட்டுத்தான் கேட்டாங்க. பயந்தது நான்.